மேற்படி திடலில் மாடு மேய்வதில்லை

ஆடி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மாட்டுக்குக் கால் வைக்க இடம் கிடையாது. எங்கே பார்த்தாலும் சேறு. சேறு இல்லாத இடத்தில் நாற்று. தையில் அறுவடை முடிகிறவரை ஆறு மாதத்துக்கு மாட்டை எங்கே விடுவது? அதற்குத்தான் திடல் இருந்தது.

குடவாசலிலிருந்து நன்னிலம் போகிற பக்கம், பஸ் போகும் சாலையை விட்டு உள்ளே மூன்று மைல் நடந்தால் அந்தத் திடல் வரும். வயல் மட்டத்தைவிட ஓர் ஆள் உயரம் மேடு. கணக்குப்பிள்ளையின் பதிவேட்டில் அதற்கு மேய்ச்சல் புறம்போக்கு என்று பெயர். எங்களுக்கு வெறும் திடல். வடக்கே எங்கள் ஊர், மேலத்தெருவும் நடுத்தெருவும். மேற்கே மிராசுதாரின் தென்னந்தோப்பு. தெற்கே, திடலின் காலடியில் பள்ளத்தில், கூலி வேலை செய்பவர்கள் குடியிருந்த கீழத்தெரு. கிழக்கே வாய்க்காலைத் தாண்டினால் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும் ஊர். அதன் வெள்ளை மினாரா திடலில் எந்த மூலையில் நின்றாலும் தெரியும். நடுப்பகல் பாங்கு சொன்னதும் மாடு மேய்க்கிற பெண்கள் தூக்குவாளியைத் திறப்பார்கள். திடலுக்கு நடுவில் காது உடைந்த மண்குதிரைகளோடு அய்யனார் இருந்தார். கீழத்தெருவிலிருந்து ஏறி வருகிற இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல்.

புல் என்றால் அருகு, கோரை இரண்டும்தான் பெரும்பாலும். மாட்டின் காலடியிலேயே உண்ணிக்கொக்குகள் நடக்கும். ஐப்பசி அடைமழையில் கீழத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்தால் சட்டி பானையோடு ஜனங்கள் ஏறி வருவதும் இந்தத் திடலுக்குத்தான். ஓலைத் தட்டியைச் சாய்த்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் அங்கேயே சமைத்துச் சாப்பிடுவார்கள்.

நான் அந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். பத்தாவது வரை படித்திருந்தேன். எங்களுடையது சீர்திருத்தக் கல்யாணம். ஐயர் இல்லை, அக்கினி இல்லை. மைக் செட் இருந்தது. வாழ்த்துரை மட்டும் மூன்று மணி நேரம் நடந்தது. என் கணவர் அப்போது கட்சியின் கிளைச் செயலாளர். எங்களுக்கு மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர், குத்தகை நிலம் இருந்தது. ஆனால் அவருடைய மனசு நிலத்தில் இல்லை, மேடையில் இருந்தது.

அவரைப் பற்றி இப்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் டீக்கடையில் கீழத்தெரு ஆட்களுக்கென்று தனித் தம்ளர்கள் கம்பியில் தொங்கும். ஒரு காலை நேரம், கடை நிறைய ஆள் இருக்கும்போது, அவர் அவற்றை அள்ளிக்கொண்டுபோய் வாய்க்காலில் எறிந்தார். நடுத்தெரு ஆட்கள் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் கவலைப்படவும் இல்லை. கீழத்தெருவுக்குள் போய், அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த கேழ்வரகுக் கூழை வாங்கிக் குடித்த முதல் நடுத்தெரு ஆள் அவர்தான். இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தேன். பிறகு வந்ததை அதனால்தான் என்னால் சுலபமாக ஜீரணிக்க முடியவில்லை. கெட்ட மனிதன் கெட்டது செய்தால் அதில் என்ன இருக்கிறது?

கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்குப் பால்வாடியில் வேலை கிடைத்தது. திடலின் வடக்கு ஓரத்தில் ஓட்டுக் கொட்டகை. கீழத்தெருப் பிள்ளைகள்தான் அதிகம் வரும். தாய்மார்கள் மாட்டைத் திடலில் விட்டுவிட்டுப் பிள்ளையை என்னிடம் விட்டுப்போவார்கள். அந்தக் காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் கீழத்தெருவில் எவ்வளவு வயதானவரையும் 'வா, போ' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் 'வாங்க, போங்க' என்றேன். முதலில் அவர்களுக்கே கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. என்னை 'டீச்சரம்மா' என்பார்கள்.

அவர்களில் ஒருவர் எனக்கு நெருக்கம். ஐம்பது வயதிருக்கும். இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. கணவர் பாம்பு கடித்து இறந்துபோயிருந்தார். இரண்டு எருமைகள்தான் அவருக்குச் சொத்து. நடவு, களையெடுப்பு இல்லாத நாட்களில் அந்த எருமைப்பால்தான் அவர் வீட்டு அடுப்பை எரித்தது. மத்தியானத்தில் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னா பாக்குறீங்க?" என்றால், "நீங்க எழுதுறத. எறும்பு போற மாதிரி எப்புடி நேராப் போவுது?" என்பார்.

நிலமில்லாதவர்களுக்கு மனைப்பட்டா கொடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு அடிபட்ட காலம் அது. உச்சவரம்பு, உபரி நிலம் என்ற வார்த்தைகள் டீக்கடையில் புரண்டன. ஒரு நாள் மத்தியானம் கணவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"கீழத்தெரு ஜனங்க எத்தனை காலத்துக்குப் பள்ளத்துல கெடக்கிறது? திடலோட தென்பாதிய மனையாப் பிரிச்சுக் கேப்போம். வடபாதி மாட்டுக்கே இருக்கட்டும். ஒரு மனு எழுதணும். உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு."

எனக்கு நிலைகொள்ளவில்லை. அன்றைக்கே எழுதினேன். ஒரு முழுத்தாள், இரண்டு பக்கம். கீழத்தெரு மழையில் படும் பாட்டையும், திடலில் எத்தனை வீட்டு மாடு மேய்கிறது என்பதையும், தென்பாதியை மட்டும் கேட்கிறோம் என்பதையும் எழுதினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு மூன்று வெற்றுத் தாள்களை எடுத்து, கோடு போட்டு, வரிசை எண் மட்டும் எழுதி என்னிடம் கொடுத்தார்.

"இதுல கைநாட்டு வாங்கிட்டு வா. ஆம்பளைங்க கூலிக்குப் போயிருப்பாங்க, பொம்பளைங்ககிட்டயே வாங்கு. மாடு அவங்க பேர்லதானே இருக்கு."

"நீங்களும் வாங்களேன்."

"நான் வந்தா கட்சி வேலையின்னு ஒதுங்குவாங்க. நீ போனா வப்பாங்க."

பால்வாடியின் மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்று நாள் கீழத்தெருவில் நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் மனுவை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். ஒருத்தி தன் மனை எந்த இடத்தில் வரும் என்று என்னை அழைத்துப்போய்க் காட்டச் சொன்னாள். வைக்க வேண்டியவர்கள் எல்லாம் வைத்தார்கள். நாற்பத்தேழு கட்டைவிரல்.

கண்ணில் பூ விழுந்தவர் மட்டும் முதலில் கையை நீட்டவில்லை.

"படிச்ச காயிதத்துலயே வக்கிறேனே" என்றார்.

"அதுல எடமில்ல. அதுக்குத்தான் இந்தத் தாளு. மொத்தமாச் சேத்துத் தைச்சுடுவோம்."

"இதுல ஒண்ணுமே எழுதலியே."

"எழுத ஒண்ணுமில்ல. பேரும் கைநாட்டும்தான்."

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்கப்பன் எழுதாத காயிதத்துல கைநாட்டு வச்சுத்தான் டீச்சரம்மா, நாங்க அஞ்சு பேரும் பண்ணையில கெடந்தோம்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. "அது மிராசு காலம். இது நம்ம ஆட்சி. எழுதினது நானு, வாங்குறது நானு. என்னை நம்ப மாட்டீங்களா?"

அவர் கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

ஐப்பசி, கார்த்திகை மழையோடு போனது. அந்த வருஷமும் கீழத்தெரு திடலில் ஏறி இறங்கியது. மனு மேலே போயிருக்கிறது என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். அறுவடை முடிந்து தையின் கடைசியில், ஒரு காலை, திடலில் சங்கிலி பிடித்து அளந்தார்கள். பால்வாடி வாசலில் நின்று பார்த்தேன். என் கணவர் இருந்தார். அவரோடு மிராசுதாரின் மகன் தன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான். அவன் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. வழிகாட்ட வந்திருப்பான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே போய்ப் பிள்ளைகளிடம், "ஒங்க வீட்டுக்கு எடம் அளக்கிறாங்கடா" என்றேன். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வெல்லம் கொடுத்தேன். சாயங்காலம் கீழத்தெரு முழுக்க அதுதான் பேச்சாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து வந்தது விறகு லாரி. அடுத்த நாள் மண்வெட்டிகளோடு வெளியூர் ஆட்கள். திடலின் மேற்கு ஓரத்தில் புல்லைச் சீவி எறிந்துவிட்டு ஓர் ஆள் ஆழத்துக்கு மண் எடுத்தார்கள். செங்கல் அறுக்கக் களம் போட்டார்கள். கல் சுடக் காளவாய்க்கு அடித்தளம் எழும்பியது. மாடுகளை விரட்டினார்கள். போக மறுத்த நான்கைப் பிடித்து, தண்டம் கட்டி மீட்க வேண்டிய மாட்டுப் பவுண்டில் அடைத்தார்கள். அதில் ஒன்று கண்ணில் பூ விழுந்தவரின் சினை எருமை.

அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். எப்போதும் போல உட்காரவில்லை.

"கைநாட்டுக்கு என்னா ஆச்சு டீச்சரம்மா?"

"தெரியலீங்க. இருங்க, கேட்டுச் சொல்றேன்."

பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"திடல்ல மண்ணு வெட்டுறது யாரு?"

"சங்கம்."

"என்னா சங்கம்?"

"விவசாயிகளுக்குன்னு ஒரு சங்கம் பதிவு பண்ணியிருக்கோம். திடலக் குத்தகைக்கு எடுத்திருக்கு."

"தலைவர் யாரு?"

"மேலத்தெருப் பெரியவர் மகன்." மிராசுதார் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. மேடையில் நூறு தடவை சொல்லுவார்.

"செயலாளர்?"

அவர் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தார். "ஊத்து" என்றார்.

நான் ஊற்றவில்லை. "நான் எழுதின மனு எங்க?"

"இந்தா, ஒக்காரு, சொல்றேன். மனை கேட்டு மேல போனா பத்து வருஷம் ஃபைலு தூங்கும். நீ ஒலகம் தெரியாதவ. காளவாய் வந்தா நாளைக்கே வேலை. கீழத்தெருவுல ஒரு வீடு பாக்கியில்லாம வேலை. எருமை மேய்ச்சு எவன் முன்னுக்கு வந்திருக்கான்?"

"அப்படின்னா அதையே அவங்ககிட்ட சொல்லிக் கைநாட்டு வாங்கியிருக்கலாமே."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. ஒரு சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி சொன்னார்: "சொன்னா வப்பாங்களா?"

எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவினார். நான் சட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். 'நீ போனா வப்பாங்க' என்று அவர் அன்றைக்குச் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

கீழத்தெருப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் அவர்களுக்கு ஆட்சேபணை மனு எழுதிக் கொடுத்தார். தாலுகா ஆபீசில் விசாரணை என்று ஓலை வந்தது. கைநாட்டு வாங்கியவள் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

முந்தின நாள் கணவர் சொன்னார்: "நாளைக்கு ஒனக்கு ஒடம்பு சரியில்ல."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"நான் சொல்றது புரியுதா?"

"புரியுது. நல்லாத்தான் இருக்கேன்."

மறுநாள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். அவர் முன்னால், நான் பின்னால். கீழத்தெருப் பெண்கள் விடியுமுன்பே கிளம்பி நடந்து வந்திருந்தார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நான்கு பேரைத்தான் விட்டார்கள். பெண்கள் தரப்பில் சங்கத்துக்காரர், அந்தப் பக்கம் என் கணவரும் மிராசுதார் மகனும், அப்புறம் நான்.

தாசில்தார் தாள்களை என் பக்கம் திருப்பிவைத்தார். நான் கைநாட்டு வாங்கிய மூன்று தாள்களும் இருந்தன. ஒவ்வொரு விரலையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மேலே தைக்கப்பட்டிருந்த முதல் தாள் மட்டும் வேறு. 'மேற்படி திடலில் பல ஆண்டுகளாக மாடு மேய்வதில்லை. அது எங்களுக்கு எவ்விதத்திலும் பயன்படவில்லை. அதைச் சங்கத்துக்குக் குத்தகைக்கு விடுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதியிருந்தது.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நிச்சயமான பிறகு நான்கு மாதம் வாரம் ஒரு கடிதம் எழுதியவர் ஆயிற்றே. ழகரத்தின் வாலை அடுத்த வரியில் இடிக்கிற மாதிரி இழுத்து எழுதுவார். அந்த ழகரத்துக்காகவே அந்தக் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

"அய்யா, இது நான் எழுதின தாள் இல்லைங்க. நான் எழுதினதுல மனை கேட்டிருந்தோம். மாடு மேயிதுன்னு எழுதியிருந்தேன். அதக் கழட்டிட்டு இத வச்சிருக்காங்க."

"யாரு வச்சது?"

"இது என் வீட்டுக்காரர் கையெழுத்து."

தாசில்தார் என் கணவரைப் பார்த்தார். அவர் எழுந்து நின்று, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகச் சிரித்தார்.

"அய்யா, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல கொஞ்சம் மனஸ்தாபம். பொம்பள, கோவத்துல என்ன பேசுறோம்னு தெரியாமப் பேசுது."

மிராசுதார் மகன் சிரித்தான். எழுத்தரும் சிரித்தார். தாசில்தாருக்கும் உதட்டில் சிரிப்பு வந்து போயிற்று. கல்யாண மேடையில் பெண்ணுக்குச் சமஉரிமை பற்றி அரைமணி நேரம் பேசியவர் என் கணவர். அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள்; இன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

"சரிம்மா" என்றார் தாசில்தார். "இந்தக் கைநாட்டெல்லாம் உங்க முன்னாலதான் வச்சாங்களா?"

"ஆமாங்க, ஆனா..."

"யாராச்சும் மெரட்டினாங்களா?"

"இல்லைங்க. ஆனா..."

"அவங்கவங்க விரலுதானே? பொய்க் கைநாட்டு ஒண்ணும் இல்லையே?"

"இல்லைங்க."

அவர் எழுத்தர் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ. கைநாட்டுகள் தம் முன்னிலையில் சுயவிருப்பத்தோடு வைக்கப்பட்டவை என்று சாட்சி ஒப்புக்கொள்கிறார்" என்றார். தொழிலாளர் சங்கத்துக்காரர் எழுந்து ஏதோ ஆட்சேபித்தார். அதையும் எழுதிக்கொண்டார்கள். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். பரவாயில்லை என்றார்கள். அவர்களுக்கு வேண்டியது நான் வாயால் சொன்னதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டிருந்தது. நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன். அந்த உண்மையில் பாதியை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தேன். எனக்கு முன்பே செய்தி வந்துவிட்டிருந்தது. புங்கமரத்தடியில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. கண்ணில் பூ விழுந்தவர் மட்டும் எழுந்து கிட்டே வந்தார்.

"நாங்களா இஷ்டப்பட்டு வச்சோம்னு நீ சொன்னியாமே?"

'நீ' என்றார். நான்கு வருஷத்தில் அவர் என்னை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. என் வாயில் எத்தனையோ பதில் வந்தது. ழகரத்தைப் பற்றிச் சொல்லவா, தாசில்தார் கேட்ட விதத்தைச் சொல்லவா? "அப்படி இல்லைங்க" என்று ஆரம்பித்தேன். அவர் நின்று கேட்கவில்லை. முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் எழுந்து அவர் பின்னால் போனார்கள்.

எங்கள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அப்போது மூன்று வயது. எட்டு நாள் அண்ணி முகம் சுளிக்காமல் சோறு போட்டாள். ஒன்பதாம் நாள் அண்ணன் சொன்னார்: "அடிச்சாரா? குடிச்சாரா? இன்னொருத்திய வச்சிருக்காரா? ஒரு காகிதத்துக்காகப் புருஷன விட்டுட்டு வந்தேன்னு சொன்னா ஊரு என்னைய என்னா கேக்கும்?" அவரே பஸ் ஏற்றிவிட்டார். என் பையைத் தானே தூக்கிவந்து சீட்டில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

கணவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "வந்துட்டியா, சரி" என்றார். அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

பால்வாடிக்குப் போனால் பிள்ளைகள் இல்லை. கீழத்தெருப் பெண்கள் பிள்ளைகளைத் தங்களோடு களத்துக்கு அழைத்துப்போனார்கள். காளவாயில் வேலை என்று கணவர் சொன்னது பொய்யில்லை. வேலை இருந்தது. தங்கள் திடலின் மண்ணைத் தாங்களே மிதித்துக் கல்லறுத்து, தலையில் சுமந்து லாரியில் ஏற்றினார்கள். மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. கண்ணில் பூ விழுந்தவரின் சினை எருமை பவுண்டிலேயே மாதம் நிறையாமல் கன்றை விசிறிவிட்டது. அதைப் பிறகு விற்றுவிட்டார். மற்றொன்றையும் விற்றார். அவரைத் தலையில் செங்கல் அடுக்கோடு பார்ப்பேன். ஒற்றைக் கண் என்னைத் தாண்டி எங்கோ பார்க்கும். ஒருநாள் வழிமறித்து நின்றேன். "நான் ஏமாத்தலீங்க" என்றேன். "வழிய விடு, கல்லு கனக்குது" என்றார். விட்டேன்.

இரண்டு கோடையில் திடல் போய்விட்டது. மேடு பள்ளமானது, பள்ளம் குட்டையானது. அய்யனார் இருந்த இடத்தை மட்டும் சதுரமாக விட்டுவிட்டுச் சுற்றிலும் வெட்டினார்கள். கும்பிடுகிறவர்கள் பலகை போட்டுத்தான் போக வேண்டியிருந்தது. சுமைதாங்கிக் கல்லைப் பெயர்த்துக் களத்துக்கு வாசற்படியாகப் போட்டார்கள். அடுத்த ஐப்பசியில் வெள்ளம் வந்தபோது கீழத்தெரு ஜனங்கள் ஏற இடமில்லாமல் மூன்று மைல் தள்ளிப் பஸ் ரோட்டில் போய் நின்றார்கள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கத்து ஊர்க்காரர்கள் படகில்லாமல் வாழைமரத் தெப்பத்தில் அரிசி கொண்டுவந்தார்கள். என் கணவரும் நிவாரணப் பொருளோடு போனார். முழங்கால் தண்ணீரில் நின்று கிழவிகளைத் தூக்கி வந்தார். அதுவும் நடிப்பில்லை. அவரிடம் இரண்டு மனிதர்கள் இருந்தார்களா, ஒருவரேதானா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கண்ணில் பூ விழுந்தவர் அந்த மழைக்குப் பிறகு அதிக நாள் இல்லை. சாவுக்குப் போனேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். ஒருத்தரும் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

பிறகு நான் சத்துணவில் வேலைக்குச் சேர்ந்தேன், வேறு ஊரில். கணவர் ஒன்றியத்தில் பெரிய பதவிக்கு வந்தார். முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் சமைத்தேன், அவர் சாப்பிட்டார். பெண்ணைப் படிக்க வைத்தோம். அவளுக்கு அப்பா என்றால் உயிர். திடலைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை, பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும்போது, கோணிய வாயால், "அன்னிக்கு ஆபீஸ்ல... என்னைய நீ காட்டிக் குடுத்துட்டியே" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. இத்தனை வருஷமும் அவரும் தன்னை ஏமாற்றப்பட்டவராகத்தான் நினைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் போன பதினாறாம் நாள் படத்திறப்பு. பந்தல் போட்டு, மைக் வைத்து, ஏழு பேர் பேசினார்கள். நிலமற்ற ஏழைகளுக்காகவே வாழ்ந்தவர் என்றார்கள். பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மாலையோடு வந்தார். தலை நரைத்திருந்தது. கீழத்தெருக்காரர் என்று முகத்தில் தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. அவரே சொன்னார், எருமை வைத்திருந்தாரே, அவருடைய மூத்த மகன் என்று. பக்கத்தில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்.

"அய்யா இல்லேன்னா என் மவனுக்கு பஸ்ல கண்டக்டர் வேலை ஏதுங்க? ரெண்டு தடவை அவரே கூட வந்து ஆபீசரப் பாத்தாரு."

"ஒங்கம்மா..." என்றேன். "அந்தத் திடலு. அந்தக் கைநாட்டு. நான் எழுதினது வேறங்க. ஒங்கம்மா கடைசி வரைக்கும் நம்பல. நீங்களாச்சும்..."

அவர் சங்கடமாகத் துண்டை மடித்தார். படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அது கெடக்கு டீச்சரம்மா. எந்தக் காலத்துக் கதை. அங்கதான் இப்ப மீன் விடுறாங்களே, நல்லாத்தான் வளருது." பிறகு என் கண்ணில் வழிந்த தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும். "நீங்க அதையே நெனச்சுக்கிட்டு ஒடம்பக் கெடுத்துக்காதீங்க" என்றார்.

காப்பி குடித்துவிட்டு, பெண்ணிடம் சொல்லிக்கொண்டு, அவர் போனார். பெண் வந்து அவர் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரும்மா அது? எதுக்கு அவருகிட்ட அழுத?"

எல்லாவற்றையும் சொன்னேன். ழகரத்தைக்கூடச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் பந்தல்காரர்கள் கம்புகளைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துப் பதினாறு நாள்தாம்மா ஆகுது" என்றாள். எழுந்து, படத்தின் மேல் சரிந்திருந்த மாலையை நேராக்கினாள்.